சுவரும் கலமும்

பிறந்த ஊரை விட்டு வந்து பிற மண்ணில் வேரூன்றிய நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, குலதெய்வ வழிபாட்டுக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ ஊருக்குச் செல்வோம். கோயிலுக்குச் சென்று வணங்கிய பின், உற்றார் வீடுகளுக்குப் போய் வந்த பின், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, நான் படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டுகிறேன்" என்று புறப்படுவோம். தெருமுனை திரும்பியதும் கால்கள் தாமே வழி அறியும்.

அண்மைக் காலமாக அவ்வாறு செல்வோரில் பலர் வாயடைத்துத் திரும்புகின்றனர். பள்ளி இருந்த இடத்தில் வெற்று மண் கிடக்கிறது. அல்லது வண்ணம் பூசிய புதிய மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது, வாயிற்காவலர் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறார். உடன் வந்த பிள்ளை, "எங்கே அப்பா, உங்கள் பள்ளிக்கூடம்?" என்கிறது. விரல் நீட்டிக் காட்ட நமக்கு ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

சிற்றூர்களின் பழைய பள்ளிகள் பெரும்பாலும் ஒரே சாயலுடையவை. நீண்ட ஒற்றைக் கட்டடம். முன்னால் தூண் வைத்த தாழ்வாரம். மேலே நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ வேய்ந்த கூரை. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே சுவர் இராது. மூங்கில் தட்டிதான் இருக்கும். மூன்றாம் வகுப்பில் அமர்ந்துகொண்டே நான்காம் வகுப்பின் வாய்பாட்டை நாம் மனப்பாடம் செய்துவிடுவோம். தாழ்வாரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டே மணி. வெள்ளிக்கிழமை மாலையில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். மழை வந்தால் எந்த ஓட்டுக்குக் கீழே ஒழுகும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆசிரியர் சொல்லாமலே நகர்ந்து உட்காருவோம்.

இவை எல்லாம் இடிந்து போயின என்று அறியும்போது நெஞ்சு கனக்கிறது. அது இயல்பே. ஆயினும் அந்தக் கனத்தைச் சற்று இறக்கி வைத்து, அது எத்தகையது என்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை. இடிந்த பள்ளிக்காக நாம் வருந்துவது எதற்காக? பள்ளிக்காகவா, நமக்காகவா? ஒரு பள்ளியை நினைவில் வைத்திருப்பவருக்கு அதன்மேல் உரிமை உண்டா? சுருங்கச் சொன்னால், நினைவு என்பது நமக்கு வர வேண்டிய சொத்தா, நாம் செலுத்த வேண்டிய கடனா?

சாலை என்னும் சொல்

இவ்வினாவை எழுப்புவதற்கு நாம் வாழும் வலியசாலையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மலையாளத்தில் 'வலிய' என்றால் பெரிய. வலியசாலை என்றால் பெரிய சாலை. பக்கத்திலேயே ஆரியசாலை, சற்று அப்பால் திருவனந்தபுரத்தின் பெரிய அங்காடியாகிய சாலைக் கடைத்தெரு. கிள்ளியாற்றங்கரையில் உள்ள மகாதேவர் கோயில் காந்தளூர் என்னும் பழம்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

சாலை என்றவுடன் வண்டி ஓடும் வழியையே இக்காலப் பிள்ளைகள் எண்ணுவர். அச்சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. பலர் கூடியிருக்கும் பெருங்கூடம் சாலை. ஏழைக்குச் சோறிடும் இடம் அறச்சாலை. நோயாளியைப் பேணும் இடம் மருத்துவசாலை. பிள்ளைகள் பாடம் கேட்கும் இடம் பாடசாலை. இலங்கைத் தமிழர் இன்றும் பள்ளியைப் பாடசாலை என்றே வழங்குகின்றனர். உணவும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வழங்கப்பட்டதை அச்சொல் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அத்தகைய சாலைகளுள் புகழ்பெற்றது காந்தளூர்ச் சாலை. அது இன்றைய வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேறு இடங்களைச் சுட்டுவாரும் உளர். அதன் பெருமையை அறிய ஒரு செப்பேடு உதவுகிறது. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் ஒரு திருமால் கோயிலையும் ஒரு சாலையையும் நிறுவினான். அந்த ஊர் இன்று குமரி மாவட்டத்தில் பார்த்திவபுரம் எனப்படுகிறது. அச்சாலையில் 95 சாத்தர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வேதப் பிரிவுகளின்படி 45, 36, 14 என்று அவ்விடங்கள் பகுக்கப்பட்டன. சேர்வோர்க்குத் தகுதியும், தங்குவோர்க்கு ஒழுக்க விதிகளும், தவறுவோர்க்குத் தண்டமும் வகுக்கப்பட்டன. இவை அனைத்துக்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது காந்தளூர் முறையே. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிற கல்விக்கூடங்கள் பார்த்துப் பின்பற்றும் நிலையில் அது இருந்தது என்பது இதனால் விளங்கும்.

கலம் அறுத்தல்

இக்காந்தளூர்ச் சாலை தமிழ் வரலாற்றில் நிலைபெற்றது ஒரு போரால் ஆகும். கி.பி. 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்விரு சொற்களின் பொருளைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக அறிஞர் வழக்காடி வருகின்றனர். கலம் என்றால் மரக்கலம். சேரரின் கப்பல்களை அழித்தான் என்பது பொருள் என்பர் சிலர். கலம் என்றால் உண்கலம். சாலையில் உண்டு பயின்றோரின் உணவுரிமையைப் பற்றிய செய்தி அது என்பர் வேறு சிலர். இன்னும் வேறு பொருள் காண்பாரும் உளர். நாஞ்சில் நாடு தந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

வழக்கைத் தீர்க்கும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் இரண்டாம் பொருளை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், பள்ளிகளைப் பற்றிய ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு சாலையை அழிக்க விரும்புபவன் சுவரை இடிக்கவேண்டியதில்லை. உண்கலத்தை எடுத்துவிட்டால் போதும். கலம் போனால் பிள்ளை போகும். பிள்ளை போனால் ஆசிரியர் போவார். பின்னர் எஞ்சும் சுவர் எத்தனை நாள் நின்றாலும் அது சாலை ஆகாது, வெறும் மண்டபமே.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இராசராசனுக்குப் பின், அவன் பேரன் இராசாதிராசனும் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததாகவே சொல்லிக்கொண்டான். ஒருமுறை அழிந்ததை மறுமுறை அழிக்க வேண்டியது ஏன்? இடையில் அது மீண்டும் எழுந்திருக்க வேண்டும் என்று கொள்வதற்கு இடமுண்டு. இன்று வலியசாலையில் கோயில் இருக்கிறது. பார்த்திவபுரத்திலும் கோயில் இருக்கிறது. இரண்டு ஊரிலும் சாலைக் கட்டடம் என்று காட்ட எதுவும் இல்லை. ஆனால் சாலை என்ற சொல் இங்கே தெருவுக்குப் பெயராக, அங்காடிக்குப் பெயராக, நம் முகவரியாக நிற்கிறது. சுவர் அழிந்தும் பெயர் நின்றது. பெயர் நிற்பது மட்டும் போதுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

நாம் எழுதிய விண்ணப்பம்

இனி நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நம்முள் சிலர் பொருநைக் கரையில் ஒரு சிற்றூரில், ஒரே தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள். பணி நிமித்தம் ஒருவர்பின் ஒருவராக இந்நகருக்கு வந்து சேர்ந்தவர்கள். மாதம் ஒருமுறை கூடும்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தப் பள்ளியின் தாழ்வாரத்தில்தான் போய் முடியும்.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னர்த் தமிழகமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும்படி ஆணை பிறந்தது. அப்பட்டியலில் நம் பள்ளியும் சேர்ந்தது. செய்தி வந்த அன்றே நாம் கூடினோம். அந்தக் கட்டடம் ஊரின் அடையாளம், அதைப் பழுதுபார்த்துக் காக்கவேண்டும், இடிக்கலாகாது என்று உருக்கமாக ஒரு விண்ணப்பம் எழுதினோம். முப்பதுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டோம். அதன் படியொன்றைத் தலைமையாசிரியைக்கும் அனுப்பினோம்.

அவரிடமிருந்து ஒரு மறுமொழி வந்தது. சில படங்களையும் உடன் வைத்திருந்தார். நாம் தேக்கு என்று பெருமை பேசிய உத்தரம் கரையான் அரித்து உட்புறம் கூடாகியிருந்தது. கூரைக்குக் கீழே கயிறு கட்டி, பிள்ளைகள் உள்ளே போகாதபடி தடுத்திருந்தனர். இரண்டாம் வகுப்பு வேப்பமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. இறுதியில் பணிவாக ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தார்: கையெழுத்திட்ட பெரியவர்களின் பேரக் குழந்தைகளில் ஒருவரையேனும் இந்தக் கூரையின் கீழ் ஒரு நாள் உட்கார வைக்கச் சம்மதிப்பார்களா என்று.

அன்று நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம்.

அந்தக் கேள்வி நம் நினைவின் உள்ளே இருந்த ஒன்றை வெளிக்கொணர்ந்தது. நாம் காக்க விரும்பியது பள்ளியை அன்று, நம் இளமையை. அதற்கு நாம் கேட்ட விலையோ, முகம் அறியாத பிள்ளைகளின் பாதுகாப்பு. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறந்தோமில்லை. கீற்றுக் கொட்டகைகள் பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டபோது அதற்காக எவரும் வருந்தவில்லை. இடிப்பது சில வேளைகளில் அறமே. இடிக்காமல் விடுவது பாவமாகும் நேரமும் உண்டு.

நினைவில் இடம்பெறாதவர்கள்

'நம் பள்ளி' என்று சொல்லும்போது அந்த 'நம்'முள் யார் யார் அடங்குவர்? பார்த்திவசேகரபுரத்தின் 95 இடங்களும் வேதம் பயின்ற அந்தணர்க்கே உரியவை. அச்சாலைக்கு வயலில் நெல் விளைவித்தவனின் மகனுக்கு அங்கே கலம் இல்லை. ஆகவே அவனுடைய வழித்தோன்றல்களின் நினைவில் அச்சாலை இனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

இது பழங்கதை மட்டும் அன்று. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்கானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பள்ளி வாயிலை மிதிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், அவர்களுக்கென்று வெங்கானூரில் ஒரு சிறு பள்ளிக் குடிலை எழுப்பினார். எதிர்த்தோர் அதைத் தீக்கிரையாக்கினர். அது மீண்டும் எழுப்பப்பட்டது. 1907-இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பள்ளிகளில் சேர்க்கும்படி அரசாணை வந்த பின்னும் கதவுகள் திறக்கவில்லை. பிள்ளைகளைச் சேர்க்கும்வரை வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளர் வேலையை நிறுத்தினர். ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது, அவள் அமர்ந்த பள்ளியையே எதிர்த்தோர் கொளுத்தினர். அத்தீயில் பாதி எரிந்து எஞ்சிய ஒரு பெஞ்சு அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

அந்தக் கரிந்த பலகை நமக்கு ஆசானாகிறது. அதைக் காத்தவர்கள் 'எங்கள் இனிய பள்ளி நாள்' என்று கூறிக் காக்கவில்லை. இங்கே ஒரு பிள்ளைக்குக் கலம் மறுக்கப்பட்டது, இனி எவர்க்கும் மறுக்கப்படாதிருக்க என்று காத்தனர். இன்பத்தை நினைப்பது எளிது. நமக்கு இன்பமாயிருந்த இடம் பிறர்க்கு எவ்வாறு இருந்தது என்று நினைப்பதே நினைவின் நேர்மை. நம் ஓட்டுக் கூரைப் பள்ளியிலும் கடைசி வரிசையில் தள்ளி உட்கார வைக்கப்பட்டவர் உண்டு. தனிக் குவளையில் நீர் குடித்தவர் உண்டு. அவர்களும் நம் வகுப்புத் தோழரே. அக்கட்டடம் இடிந்த செய்தி கேட்டு அவர்கள் அழவில்லை என்றால், அவர்களை நன்றி மறந்தவர் என்று சொல்ல நாம் யார்?

கொடுத்தவர் கை

ஆனால் இதனால் பழைய பள்ளிகளை எல்லாம் பழித்துவிட்டுப் போவதும் நியாயம் ஆகாது. அவற்றுள் பலவற்றை எழுப்பியது அரசின் பணம் மட்டும் அன்று, ஊராரின் கை. 1956-இல் காமராசர் ஆட்சியில் எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கியது. 1958 முதல், கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. சிலர் நிலம் கொடுத்தனர். சிலர் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தனர். பொருள் இல்லாதவர் மண் சுமந்தனர். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது; 2022-இல் காலைச் சிற்றுண்டித் திட்டமும் வந்தது. காந்தளூரில் அறுபட்ட கலம், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எல்லாப் பிள்ளைகளின் முன்னும் மீண்டும் வைக்கப்பட்டது என்றே கூறலாம்.

கடல் கடந்த நம்மவரும் சென்ற இடமெல்லாம் பள்ளி எழுப்பினர். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்று உழைத்த முஸ்லிம் பெருமக்கள் 1946-இல் அங்கே உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். மாணவர் குறைந்ததால் 1982-இல் அது மூடப்பட்டது. உமறுப் புலவர் பெயரோ அங்குள்ள தமிழ்மொழி நிலையத்தில் இன்றும் வாழ்கிறது. மலேசியாவில் 1957-இல் எண்ணூறுக்கு மேலிருந்த தமிழ்ப் பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனதால் ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்தன. பால்மரத் தோட்டம் போனது, குடியிருப்பு போனது, அவற்றோடு பள்ளியும் போனது. சில இடங்களில் மட்டும், பெற்றோர் விடாது போராடிப் பள்ளியின் உரிமத்தைப் புதிய குடியிருப்புக்கு எடுத்துச் சென்றனர். கட்டடத்தை விட்டுவிட்டு, பெயரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றனர். அவர்களே விவரமறிந்தவர்கள்.

பள்ளிக்கும் ஒரு பாலாலயம்

இடிப்பது அறமாயிருக்கும்போதும் எவ்வாறு இடிப்பது என்பதில் ஒரு முறை வேண்டும். நம் கோயில் மரபில் அதற்கு ஓர் அழகிய வழி உண்டு. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வர். மூலவரின் ஆற்றலைக் கும்பத்திலோ அத்திப்பலகையிலோ எழுந்தருளச் செய்து, சிறியதோர் இடத்தில் வைத்து நாள்தோறும் வழிபடுவர். அதன் பின்னரே பழைய சுவரில் உளி படும். திருப்பணி முடிந்து குடமுழுக்கு நாளில் அந்த ஆற்றல் மீண்டும் மூலத்தானத்துக்குத் திரும்பும். ஆதலால் கல் மாறினும் கோயில் மாறுவதில்லை. சப்பானில் இசே என்னும் இடத்துத் திருக்கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகின்றனர். 2013-இல் அவ்வாறு கட்டினர். அது புதிய கோயில் என்று அந்நாட்டார் எவரும் கூறுவதில்லை.

பள்ளிக்கும் ஒரு பாலாலயம் வேண்டும். இடிக்கும் நாளை ஊருக்கு முன்கூட்டி அறிவிக்கவேண்டும். அன்று பழைய மாணவரும் இன்றைய பிள்ளைகளும் ஒன்றாகக் கூடவேண்டும். நிலம் கொடுத்தவர், மண் சுமந்தவர் பெயர்களைப் பொறித்த கல்லைப் பெயர்த்துப் புதிய வாயிலில் பதிக்கவேண்டும். அந்தத் தண்டவாள மணியைப் பழைய இரும்பு விலைக்குப் போடாமல் புதிய தாழ்வாரத்தில் தொங்கவிடவேண்டும். சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் காக்கவேண்டும். நம்முள் பலருக்குப் பிறந்த நாள் என்பதே அப்பதிவேட்டில் ஆசிரியர் எழுதிய நாள்தானே! எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடம் எழும்வரை பிள்ளைகள் எங்கே அமர்ந்து படிப்பர் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். சிற்றூர்களில் 'ஆறு மாதத்தில் கட்டிவிடுவோம்' என்று இடித்த இடம் ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடப்பதும், அதற்குள் பிள்ளைகள் வேறு பள்ளிக்குச் சிதறுவதும் உண்டு. அங்கே அறுபட்டது கலமே அன்றோ?

இவ்வளவையும் கேட்கும் உரிமை நினைவுடையோர்க்கு உண்டு. ஆனால் அவ்வுரிமை கடமையிலிருந்து பிறந்தது. உதவ வருபவனுக்கே கேட்கும் உரிமை.

நிற்கும் பள்ளி

இறுதியாக, சொல்லக் கசப்பான ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

இடிந்து போன பள்ளிக்காக வருந்தும் நாம், நம் வீட்டுக்கு அருகில் இடியாமல் நிற்கும் பள்ளிக்கு என்ன செய்கிறோம்? வலியசாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் சாலைப் பகுதியில் அரசின் தமிழ்ப் பள்ளி ஒன்று உண்டு. மொழிச் சிறுபான்மையராகிய நமக்கென்று, தமிழ் எழுத்தைக் கற்பிக்க, பிற மாநிலத்து அரசு நடத்தும் பள்ளி அது. நம்முள் எத்தனை பேர் அதன் வாயிலைத் தாண்டி உள்ளே சென்றிருக்கிறோம்? நம் பிள்ளைகளின் பெயர்களை எந்தப் பள்ளியில் பதிவு செய்தோம்? அதற்குரிய காரணங்களை நாம் அறியாமலில்லை. பிழைக்க வந்த இடத்தில் பிள்ளையின் முன்னேற்றமே முதன்மை என்று எண்ணினோம். ஆங்கிலம் இன்றியமையாதது என்றோம்; மலையாளமும் வேண்டும் என்றோம். தமிழ் வீட்டில் பேசினால் போதும் என்றோம். பேச்சு இருந்தது, எழுத்து போயிற்று. இன்று நம் பேரப் பிள்ளைகளுள் பலர் இம்மலரில் அச்சாகும் இப்பக்கத்தைப் படிக்க இயலாதவர்கள்.

இதற்காக எவர்மீதும் குற்றம் சாட்டும் நோக்கம் இல்லை. சாட்டுவதாயின் நம்மீதே சாட்டிக்கொள்கிறோம். ஒரு பள்ளியை முதலில் இடிப்பது பொக்லைன் இயந்திரம் அன்று. நம் பிள்ளையின் கலத்தை நாமே எடுத்துக்கொண்டு வரும் நாளில் அதன் முதல் கல் பெயர்கிறது. சொந்த ஊர்ப் பள்ளிகளிலும் இதுவே நடந்தது. வசதி வந்தவர் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பினர்; நாமோ ஊரைவிட்டே வந்துவிட்டோம். எஞ்சிய சில பிள்ளைகளுக்காக அந்தக் கட்டடம் இத்தனை காலம் நின்றதே பெரிது.

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது என்ன? எல்லாரும் பிள்ளைகளைப் பள்ளி மாற்றவேண்டும் என்று கூறும் துணிவு நமக்கில்லை. கூறினால் அது வெற்றுரையாகும். ஆனால் கடனைச் சிறு தவணையாகவும் செலுத்தலாம். தமிழ் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஒரு மணி நேரம் கற்பிக்க, ஓய்வு பெற்ற நம்மிடம் நேரம் உண்டு. நூலகத்துக்கு நூல்கள் கொடுக்க நம் அலமாரிகளில் நூல்கள் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை சங்கத்தில் அமர்த்தி எழுத்தறிவிக்க இடமும் உண்டு. ஊர்ப் பள்ளிக்கு ஒரு பெஞ்சு, ஒரு குடிநீர்த் தொட்டி, ஒரு பிள்ளையின் மேற்படிப்பு என்று நம்மால் இயன்றதைக் கொடுக்கலாம். பொருநைக் கரையின் அந்தத் தலைமையாசிரியைக்கு நாம் எழுதிய இரண்டாம் கடிதத்தில் விண்ணப்பம் எதுவும் இல்லை. என்ன தேவை என்ற கேள்வி மட்டுமே இருந்தது. அவர் கேட்டது மிகவும் சிறிது. வேப்பமரத்தை மட்டும் வெட்டாமல் புதிய கட்டடத்தின் வரைபடத்தை மாற்றித் தருமாறு அதிகாரிகளிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். அதற்காக எழுதினோம். மரம் நிற்கிறது.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் யானைமீது புறப்பட்டு, களியக்காவிளை கடந்து, கரமனை வழியாக இந்நகருக்கு எழுந்தருளுகிறாள். அவளுடன் வேளிமலைக் குமாரசுவாமி வந்து நம் ஆரியசாலையில் தங்குகிறார். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்டையில் தங்குகிறாள். தலைநகரம் 1795-இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின் ஏற்பட்ட வழக்கம் இது. அக்கலைமகள் கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபு. 1956-இல் மாநில எல்லை மாறியது. அவள் வருகை மாறவில்லை. அரண்மனை மாறினால் அவளும் இடம் பெயர்கிறாள். எங்கே பிள்ளைகள் ஏட்டை விரித்து அமர்கின்றனரோ அங்கே தங்குகிறாள். கல்விக்குச் சுவர் ஓர் ஒதுங்கிடமே. இருப்பிடம் பிள்ளையே என்பதை இதைவிடத் தெளிவாக நமக்கு உணர்த்துவார் யார்?

ஆகவே அடுத்த முறை ஊருக்குச் சென்று, பள்ளி இருந்த இடத்தில் பள்ளியைக் காணாது நிற்கும்போது, "எங்கே உங்கள் பள்ளிக்கூடம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் மனம் தளர்ந்து விடை கூற வேண்டியதில்லை. புதிய கட்டடத்தின் உள்ளே தட்டுடன் வரிசையில் நிற்கும் குழந்தைகளைக் காட்டுவோம். 'இதுதான்' என்போம். அதைச் சொல்லும் தகுதி நமக்கு வரும்படி, அதற்கு முன்பே அக்கடனில் ஒரு பகுதியையேனும் செலுத்தியிருப்போம்.